மீனுக்கும் சுற்றம் உண்டு



கரைவலை இழுப்பதைக் கண்டவர்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். சூடையும் நெத்தலியும் ஒன்றிரண்டாக வந்து வலையில் அகப்படுவதில்லை. வந்தால் திரளாக வரும். இல்லையேல் வலை வெறுமையாகவே கரையேறும். குளத்திலே விரால் குஞ்சுகள் செந்நிறப் பந்துபோலத் திரண்டு, தாய் தந்தையரின் காவலில் நீந்திச் செல்வதையும் நம்மில் பலர் கண்டிருப்போம். மீன்கள் ஏன் இவ்வாறு கூடி வாழ்கின்றன என்று கேட்டால், பகைவரிடமிருந்து தப்புவதற்காக என்று ஒருவர் சொல்வார். இரை தேடுவது எளிதாகும் என்று இன்னொருவர் சொல்வார். இரண்டும் சரியான விடைகளே.

ஆனால் இன்று நாம் ஆராயப் போவது இவற்றினும் சற்று ஆழமான ஒரு வினா. ஒரு மீனின் அருகே இன்னொரு மீன் இருக்கிறதா, இல்லையா என்பது அந்த மீனின் உடலுக்குள்ளே நடைபெறும் தொழில்களை மாற்றுமா? அது உட்கொள்ளும் ஒட்சிசனின் அளவும், செலவழிக்கும் ஆற்றலும், வளரும் வேகமும் அதன் சுற்றத்தைப் பொறுத்தவையா? இவ்வினாவை அறிவியலார் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வருகின்றனர். அவர்கள் கண்ட விடைகள் மீன் வளர்ப்போருக்கும், பவளப்பாறைகளைக் காக்க விரும்புவோருக்கும் பயன் தருவன.

முதலில் அனுசேபம் என்னும் சொல்லை விளக்கிக்கொள்வோம். உணவை உடைத்து ஆற்றலைப் பெறுவதும், அந்த ஆற்றலைக் கொண்டு உடலை ஆக்குவதுமான இரசாயனத் தொழில்கள் அனைத்தையும் சேர்த்து அனுசேபம் என்கிறோம். இதனை ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்குக்கு ஒப்பிடலாம். மீன் உண்ணும் இரையே அதன் வரவு. செலவோ பலவகை. இதயம் துடிக்க வேண்டும். செவுள்கள் அசைய வேண்டும். மூளை விழித்திருக்க வேண்டும். மீன் அசையாது ஓய்ந்திருந்தாலும் இச்செலவு நிற்பதில்லை. வீட்டில் அடுப்பு எரியாத நாளிலும் வாடகை கட்டத்தானே வேண்டும்? இதற்கு மேல், நீந்துவதற்கு ஒரு செலவு, உண்டதைச் செரிப்பதற்கு ஒரு செலவு. இவையெல்லாம் போக எஞ்சுவதே வளர்ச்சிக்கும் முட்டைக்கும் உரிய சேமிப்பாகும். ஆகவே அடிப்படைச் செலவு சிறிதளவு கூடினாலும் சேமிப்பு குறைந்துவிடும். இதனை நினைவில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

இச்செலவை அளப்பது எப்படி? மீனின் உடலில் எரியும் உணவுக்கு ஏற்ப ஒட்சிசன் செலவாகிறது. ஆகவே மூடிய கண்ணாடி அறையொன்றில் மீனை விட்டு, குறித்த நேரத்தில் நீரிலிருந்து எவ்வளவு ஒட்சிசன் குறைந்தது எனக் கணித்தால், அனுசேப வீதம் தெரிந்துவிடும். நீரில் கரைந்த ஒட்சிசனை அளக்கும் இரசாயன முறையை 1888 ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டு அறிஞர் விங்க்லர் வகுத்தார். இன்று ஒளியைக் கொண்டு நொடிக்கு நொடி அளக்கும் நுண்கருவிகள் வந்துவிட்டன. 1920 ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற டென்மார்க் அறிஞர் ஓகஸ்ற் குறோ, விலங்குகளின் சுவாசம் பற்றிய தமது நூலை 1916 இல் வெளியிட்டு இத்துறைக்கு அடிகோலினார். ரொறன்ரோவைச் சேர்ந்த பிறை என்னும் அறிஞர் 1947 இல், மீனின் ஓய்வுநிலைச் செலவையும் அது முழுமுயற்சியில் ஈடுபடும்போது உண்டாகும் செலவையும் பிரித்துக் காட்டி, இரண்டுக்கும் இடையிலுள்ள வெளியே அம்மீனின் செயலாற்றலுக்கு எல்லை என விளக்கினார்.

இந்த முறையில் ஒரு நுட்பமான சிக்கல் ஒளிந்திருந்தது. கண்ணாடி அறைக்குள் விடப்படுவது பெரும்பாலும் ஒரே ஒரு மீன். வாழ்நாள் முழுவதும் ஆயிரம் துணைகளின் நடுவே நீந்திய உயிர், திடீரென்று தனிச்சிறையில் இருக்கிறது. அப்போது நாம் அளப்பது மீனின் இயல்பான ஓய்வுச் செலவையா, அல்லது தனிமையின் கலக்கத்தையா?

இவ்வினாவுக்கு வழிதிறந்தவர்களுள் முதன்மையானவர் சிக்காகோ பல்கலைக்கழகத்து விலங்கியல் அறிஞர் அலீ. 1932 இல் அவரும் போவன் என்பவரும் பொன்மீன்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். வெள்ளித் துகள் கலந்த நச்சு நீரில் பத்து மீன்களை ஒன்றாக விட்டனர். அதே அளவு நச்சு நீர் கொண்ட வெவ்வேறு பாத்திரங்களில் மீன்களைத் தனித்தனியே விட்டனர். பத்துப் பேருக்கும் பொதுவாக ஒரு பாத்திர நீர். தனித்தவனுக்கோ அதே அளவு நீர் முழுவதும் சொந்தம். எது நெடுநேரம் பிழைத்திருக்கும்? கூட்டமாக இருந்தவையே நெடுநேரம் பிழைத்தன. மீன்களின் உடலிலிருந்து கசியும் வழுவழுப்பான சளி, நஞ்சைப் படியச்செய்து நீரைத் தூய்மையாக்கியது. பத்து மீன்களின் சளி ஒன்றுசேர்ந்து செய்ததைத் தனி மீனின் சளி செய்யமுடியவில்லை.

இது கூட்டம் நீரை மாற்றியதற்குச் சான்று. கூட்டம் மீனையே மாற்றுமா? அதே சிக்காகோவில் ஷூயெற் என்பவர் 1933 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தேடியது. பொன்மீன்களைத் தனியாகவும் சிறு குழுவாகவும் வைத்து அவற்றின் ஒட்சிசன் செலவை அளந்தபோது, குழுவில் இருந்த மீன் ஒவ்வொன்றும் தனித்திருந்த மீனைவிடக் குறைவாகவே ஒட்சிசனைச் செலவிட்டது. தனித்த மீன் அமைதியின்றி அலைந்தது. துணை பெற்ற மீன் அடங்கி நின்றது. இதனைப் பிற்கால அறிஞர்கள் கூட்டத்தின் ‘அமைதியூட்டும் விளைவு’ என்று பெயரிட்டு அழைத்தனர்.

ஆயினும் இங்கே ஒருவர் தடைகூறலாம். குழுவை ஒரே பாத்திரத்தில் இட்டு மொத்த ஒட்சிசனைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டால், எந்த மீன் எவ்வளவு செலவழித்தது என்பது தெரியாதே! கூட்டத்துள் ஒன்று கூடுதலாகவும் மற்றொன்று குறைவாகவும் செலவிட்டிருக்கலாமே! இத்தடை நியாயமானது. இதனை நீக்கிய ஆய்வொன்று 2016 ஆம் ஆண்டு வெளிவந்தது. அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் உள்ள லிசாட் தீவில், நாட்லர் என்பவரும் அவருடைய தோழர்களும் இதனை நடத்தினர். அவர்கள் எடுத்துக்கொண்டது நீலப்பச்சை நிறமுடைய ஒரு சிறு மீன். குரோமிஸ் விரிடிஸ் என்பது அதன் அறிவியற் பெயர். இந்து சமுத்திரத்திலும் பசிபிக் சமுத்திரத்திலும் பவளக் கிளைகளைச் சூழ்ந்து கூட்டம் கூட்டமாக வாழ்வது அது. அலங்கார மீன் வாணிபத்தில் உலகில் மிகுதியாக விற்கப்படும் கடல்மீன்களுள்ளும் அது ஒன்று.

அவர்கள் ஒரு மீனை மட்டும் ஒட்சிசன் அளக்கும் அறையில் வைத்தனர். அதன் கூட்டாளிகளை அறைக்கு வெளியே நீந்தவிட்டனர். உள்ளே இருந்த மீன் தன் கூட்டத்தைக் கண்ணால் காணலாம். நீரின் வழியே வரும் மணத்தால் உணரலாம். ஆனால் அளக்கப்பட்ட சுவாசம் அந்த ஒரு மீனுடையதே. பின்னர் கூட்டாளிகள் இல்லாத நிலையிலும் அளந்தனர். கூட்டத்தைக் கண்டும் உணர்ந்தும் இருந்தபோது, மீனின் குறைந்தபட்ச அனுசேப வீதம் தனிமையில் இருந்ததைவிட நூற்றுக்கு 26 பங்கு குறைந்திருந்தது. அதுமட்டுமன்று. ஒரு வாரம் தனியே வைக்கப்பட்ட மீன்கள், கூட்டத்தில் வைக்கப்பட்டவற்றைவிட உடல் மெலிந்தன.

நேயர்களே, நூற்றுக்கு இருபத்தாறு என்பதைச் சிறிய எண்ணாகக் கொள்ளல் ஆகாது. மீன் ஓடவில்லை, போரிடவில்லை. துணை அருகே இருக்கிறது என்ற உணர்வு ஒன்றே வீட்டுச் செலவில் கால்பங்கை மிச்சப்படுத்திவிடுகிறது. ஏன்? தனித்த மீன் எந்நேரமும் விழிப்பாக இருக்கவேண்டும். எத்திசையிலிருந்து பகை வருமோ என அதன் உடல் முழுவதும் ஓடத் தயாராக நிற்கிறது. அவ்வாறு நிற்பதற்கும் ஆற்றல் வேண்டும். கூட்டத்திலோ பல கண்கள் காவல் காக்கின்றன. ஒவ்வொருவர் பங்குக்கும் விழிப்பின் சுமை குறைகிறது.

ஓய்ந்திருக்கும்போது கிடைக்கும் ஆதாயம் இது. நீந்தும்போதும் ஆதாயம் உண்டு. முன்னே செல்லும் மீனின் வால் வீச்சினால் நீரிலே சுழல்கள் தோன்றுகின்றன. இச்சுழல்களை ஏற்ற இடத்தில் நின்று பயன்படுத்தினால் பின்வரும் மீனுக்கு உழைப்பு மிச்சமாகும் என்று வைஸ் என்னும் அறிஞர் 1973 இல் கணித முறையால் காட்டினார். அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் ஷாங், லௌடர் ஆகிய இருவரும் பெரிய டேனியோ என்னும் நன்னீர் மீனைக் கொண்டு இதனை அளந்தனர். நம் நாட்டு ஓடைகளில் வெள்ளிக்கோடுகளாக மின்னி ஓடும் டேனியோ மீன்களுக்கு அது நெருங்கிய உறவு. 2024 இல் வெளியான அவர்களது ஆய்வின்படி, விரைவான நீரோட்டத்தில் கூட்டமாக நீந்திய மீன்கள், ஒவ்வொரு வால் வீச்சுக்கும், தனித்து நீந்திய மீனைவிட நூற்றுக்கு 53 பங்கு வரை குறைந்த ஆற்றலைச் செலவிட்டன. கடும் உழைப்பின் களைப்பிலிருந்தும் அவை விரைவில் மீண்டன.

இவ்வளவும் கேட்டபின், கூட்டம் என்றாலே நன்மை என்ற முடிவுக்கு நாம் வந்துவிடலாகாது. சுற்றம் ஆறுதல் தருவதும் உண்டு, ஆட்டிப்படைப்பதும் உண்டு. எல்லா மீனினங்களும் சூடையைப் போன்றவை அல்ல. தமக்கென ஓர் இடத்தை வரைந்துகொண்டு, அதனுள் அயலார் நுழைந்தால் பாய்ந்து தாக்கும் மீன்கள் பல. சீயத்துப் போர்மீனை அறிவீர்கள். அது தன் எதிரியைக் கண்ட மாத்திரத்தில் செவுள் மூடிகளை விரித்து, துடுப்புகளைப் பரப்பி, நிறம் சிறக்க நின்று வீரம் காட்டும். அந்த நேரத்தில் அதன் ஒட்சிசன் செலவு உயர்கிறது. இங்கே துணையின் காட்சி அமைதியைத் தரவில்லை, அடுப்பை மூட்டுகிறது.

அடிப்பவனுக்கு மட்டுமா செலவு? அடங்குபவனுக்கும் செலவு உண்டு. ஆபிரிக்காவின் தங்கனீக்கா ஏரியில், குடும்பமாகக் கூடி வாழும் ஒரு மீன் உண்டு. தலைமை இணையின் குஞ்சுகளைச் சிறிய மீன்கள் உதவியாளராக நின்று வளர்க்கும். பெரிய மீன் சினந்து வரும்போது, சிறிய மீன் உடலைச் சாய்த்து வாலை நடுக்கிப் பணிவு காட்டும். 1998 இல் கிரண்ட்னர், தபோர்ஸ்கி என்னும் இருவர் இந்நடத்தைகளின் செலவை அளந்து பார்த்தனர். சண்டையிடுவதற்கு ஆகும் செலவுக்குச் சற்றே குறைவான செலவு, பணிந்து நடுங்குவதற்கும் ஆவதைக் கண்டனர். பணிவு இலவசமாகக் கிடைப்பதன்று. ஆனால் வெளியேற்றப்படுவதைவிட அது மலிவு. அதனாலேயே சிறிய மீன் அவ்விலையைக் கொடுக்கிறது.

பிரித்தானியர் காலத்தில் நுவரெலியாப் பகுதி ஓடைகளில் கொண்டுவந்து விடப்பட்ட டிரவுட் மீன்கள் இதனை இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. இரண்டு இளம் டிரவுட் மீன்களை ஒரு தொட்டியில் விட்டால், சில மணி நேரத்துக்குள் யார் மேல், யார் கீழ் என்பது முடிவாகிவிடும். மேலான மீன் தொட்டியின் நடுவே உலவி உண்ணும். கீழான மீன் நீர்மட்டத்துக்கருகே ஒரு மூலையில் ஒதுங்கிவிடும், நிறம் கருக்கும், உணவு அருகே வந்தாலும் உண்ணாது. அதன் இரத்தத்தில் கோட்டிசோல் என்னும் நெருக்கடி ஓமோன் நாட்கணக்கில் உயர்ந்தே இருக்கும். ஈரலில் சேமித்த மாவுச்சத்து கரைந்து செலவாகும். 2000 ஆம் ஆண்டில் ஸ்லோமன் என்பவரும் தோழர்களும், கபில நிற டிரவுட் மீன்களை இணைசேர்ப்பதற்கு முன்னும் பின்னும் அளந்து, கீழ்ப்பட்டவற்றின் ஓய்வுநிலைச் செலவு உயர்வதைக் கண்டனர். வரவு குறைகிறது, செலவு கூடுகிறது. அக்குடும்பம் எவ்வாறு தழைக்கும்?

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. சமூகநிலை அனுசேபத்தை மாற்றுகிறது என்றோம். அனுசேபம் சமூகநிலையைத் தீர்மானிப்பதும் உண்டு. ஸ்கொட்லாந்தில் மெற்காவ் என்பவரும் தோழர்களும் 1995 இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றையொன்று சந்திக்கும் முன்பே சல்மன் குஞ்சுகளின் அனுசேப வீதத்தை அளந்தனர். பின்னர் இணைத்து விட்டபோது, இயல்பாகவே வீதம் உயர்ந்திருந்த குஞ்சுகளே பெரும்பாலும் மேல்நிலை பெற்றன. பெரிய அடுப்புக்கு வலிமை மிகுதி. ஆனால் பெரிய அடுப்புக்கு விறகும் மிகுதியாக வேண்டுமன்றோ? இரை நிறைந்த ஓடையில் அத்தகைய மீனுக்கு வெற்றி. இரை அருகிய ஓடையில் அதே உயர்ந்த வீதம் சுமையாகிவிடும். அதனாலேயே இயற்கை இருவகை மீன்களையும் அழியாது வைத்திருக்கிறது.

சமூகம் வளர்ச்சியையே கட்டுப்படுத்துவதற்குக் கோமாளி மீன் சிறந்த சான்று. ஒரு கடற்சாமந்தியில் ஒரு சிறு குழு வாழும். எல்லாவற்றிலும் பெரியது பெண். அடுத்தது அதன் துணைவன். மற்றவை ஒன்றன்கீழ் ஒன்றாக அளவில் குறைந்து வரிசைப்பட்டிருக்கும். பஸ்ரன் என்பவர் பப்புவா நியூகினியில் ஆராய்ந்து 2003 இல் எழுதியதன்படி, ஒவ்வொரு மீனும் தனக்கு மேலுள்ள மீனை எட்டிவிடாதவாறு தன் வளர்ச்சியைத் தானே மட்டுப்படுத்துகிறது. எட்டினால் பூசல், பூசலின் முடிவில் கடற்சாமந்தியை விட்டு வெளியேற்றம், வெளியேறினால் பிறர்க்கு இரை. மேலிருக்கும் மீன் இறந்து இடம் வெறுமையாகும்போதே கீழுள்ளது மீண்டும் வளரத் தொடங்குகிறது.

இனி, இவ்வறிவு மீன் வளர்ப்பவருக்கு எவ்வாறு உதவும் என்று பார்ப்போம். நெருக்கம் குறைந்தால் மீன் நன்றாக வளரும் என்பதே பொதுவான எண்ணம். நோர்வே நாட்டில் ஆக்டிக் சார் என்னும் மீனை வளர்த்தவர்கள் இதற்கு மாறான ஒன்றைக் கண்டனர். தொட்டியில் சிலவே இருந்தபோது அவை இடம் வரைந்து ஓயாது போரிட்டன. தொகை மிகுந்தபோது எவராலும் எல்லை வகுக்க இயலாமற்போய்ப் பூசல் தணிந்தது, வளர்ச்சி சிறந்தது. 1990 இல் கிறிஸ்ரியான்சன், யோப்லிங் ஆகியோர் காட்டியபடி, தொட்டியில் மிதமான நீரோட்டத்தை உண்டாக்கினாலும் அம்மீன்கள் எதிர்நீச்சலிட்டு வரிசையாகக் கூடி, சண்டையை மறந்து நன்கு வளர்ந்தன. நீந்துவதற்குச் செலவான ஆற்றலைவிடச் சண்டை ஓய்ந்ததால் மிஞ்சிய ஆற்றல் பெரிது.

இதனைக் கேட்டு எல்லாத் தொட்டிகளிலும் மீன்களை அடைத்துவிடக் கூடாது. நெருக்கம் கூடினால் ஒட்சிசன் குறையும், கழிவு பெருகும், நோய் விரைந்து பரவும். இனத்துக்கு இனம் அளவு வேறு. 1952 ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்டு நம் குளங்களில் நிலைபெற்ற ஆபிரிக்க மீனான திலாப்பியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆண் மீன் குளத்தின் அடியில் குழி தோண்டிக் காவல் காக்கும் இயல்புடையது. அதன் உறவான நைல் திலாப்பியாவின் குஞ்சுகளை ஆராய்ந்த பிறேசில் அறிஞர்கள், ஒரே வயதுக் குஞ்சுகள் குழுவில் வேறுவேறு அளவாக வளர்வதற்கும், உடலில் மாவுச்சத்து செலவாகும் விதத்துக்கும் சமூக நெருக்கடி ஒரு காரணமாவதை 1993 இல் எடுத்துக்காட்டினர். ஆகவே ஒரு தொட்டியில் சில மீன்கள் பருத்தும் பல மீன்கள் சிறுத்தும் இருக்கக் கண்டால், தீனி போதவில்லை என்று மட்டும் முடிவுகட்டுதல் கூடாது. தீனியை ஒரே மூலையில் கொட்டினால் வலியது அவ்விடத்தை ஆண்டுகொள்ளும். பல இடங்களில் தூவினால் மெலியவற்றுக்கும் பங்கு கிடைக்கும். ஒதுங்குவதற்குக் கற்களும் நீர்த்தாவரங்களும் இருந்தால், துரத்தப்படும் மீன் கண்ணில் படாது இளைப்பாறும்.

வீட்டிலே கண்ணாடித் தொட்டி வைத்திருக்கும் சிறுவர் சிறுமியரும் இதனை மனத்திற் கொள்ளலாம். திரளாக வாழும் இனத்தில் ஒன்றை மட்டும் வாங்கி அழகுக்கு வைப்பது அம்மீனுக்கு நன்மையன்று. அதன் இனத்தில் ஐந்தாறு துணைகளையேனும் சேர்த்துவிடுங்கள். போர்மீனையோ அவ்வாறு ஆணோடு ஆண் சேர்த்தல் ஆகாது. ஒன்றுக்குத் துணை மருந்து. மற்றொன்றுக்கு அதுவே நோய்.

கடலில் இதனினும் பெரிய கேள்வி இருக்கிறது. 1998 இல் இந்து சமுத்திரத்து நீர் அளவுக்கு மீறிச் சூடேறியபோது, இலங்கையைச் சூழ்ந்த பவளப்பாறைகள் பலவும் வெளிறி அழிந்தன. கிளைப்பவளம் அழிந்தால் அதனைச் சூழ்ந்து வாழ்ந்த சிறு மீன்களின் திரள்கள் குறுகும், சிதறும். மீன்பிடியும் அலங்கார மீன் சேகரிப்பும் அளவு மீறினாலும் அவ்வாறே. பிழைத்த மீன்களின் தொகையை மட்டும் நாம் எண்ணுகிறோம். ஆனால் பிழைத்தது தன் கூட்டத்தை இழந்திருந்தால், அதன் ஓய்வுச் செலவு உயரும். அச்செலவை ஈடுசெய்ய அது கூடுதலாக இரை தேடவேண்டும். இரை தேட மறைவிடத்தை விட்டு வெளியே வரவேண்டும். வெளியே வந்தால் பகைக்கு இலக்காகவேண்டும். வெப்பமேறிய நீரோ, மீனின் அனுசேபத்தை ஏற்கெனவே உயர்த்திவிட்டிருக்கும். ஒரு சுமையின்மேல் இன்னொரு சுமை. எனவே ஒரு பாறையைக் காப்பது என்றால், எத்தனை மீன்கள் எஞ்சின என்பதோடு, அவை எத்தகைய திரளாக எஞ்சின என்பதையும் நோக்கவேண்டும்.

மீன்களின் வாழ்விலிருந்து மனிதருக்கு அறம் உரைக்க நான் முற்படவில்லை. மீனின் தனிமை நம் தனிமை அன்று. அதன் உள்ளத்தை நாம் அறியோம். ஆயினும் ஒட்சிசனை அளக்கும் கருவி சொல்வதை ஏற்கத்தான் வேண்டும். உடலின் எல்லை தோலோடு முடிவதில்லை. அருகே இருப்பவர் யார், அவர் நண்பரா பகைவரா, மேலோரா கீழோரா என்பதும் குருதிக்குள்ளும் ஈரலுக்குள்ளும் சென்று எழுதப்படுகிறது. ஒரு மீனின் மூச்சைக் கணக்கிடப் புகுந்த அறிவியலார், அம்மீனின் சுற்றத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டனர். இனித் தொட்டியிலோ குளத்திலோ கடலிலோ ஒரு மீனைக் காணும்போது, அதனைச் சுற்றி வேறு எவை உள்ளன என்றும் ஒருகணம் பாருங்கள். அதன் நலத்தின் பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது.